செத்தாவா, செத்ததுமா

அக்காவோட டீ குடிக்கப் போனா டீ ஆறிடும். ஒரு தடவை மாஸ்டர், "பால் வந்தா போட்டுத் தரேம்மா"னு சொன்னாரு. வேற யாரா இருந்தாலும் சரின்னு பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. அக்கா உக்காரல. "வந்தாவா, வந்ததுமாண்ணா?"னு கேட்டாங்க. மாஸ்டர் முழிச்சாரு. "வந்தான்னா, வராமலும் போவலாம். வந்ததும்னா, வரப்போறது நிச்சயம், வந்த அடுத்த வேலை எங்க டீதான். எது?" அவரு பாத்திரத்தைக் கீழ வச்சிட்டு என்னைப் பாத்தாரு. "பால் வராம எங்கம்மா போவும்? வண்டி செங்கம் ரோட்ல வந்துனு இருக்குது." "அப்ப வந்ததும்"னு சொல்லிட்டு அப்பவும் உக்காரல. பெஞ்சுக்கு முன்னாடி இங்கயும் அங்கயும் நடந்துகிட்டே இருந்தாங்க. அந்த டீக்கடையில எனக்கு மானம் போச்சு.

அவங்களுக்கு அப்ப முப்பத்தஞ்சு வயசு இருக்கும். பதிவு ஆபீஸுக்கு எதிர்ல ஒரு பத்திரம் எழுதறவர்கிட்ட டைப் அடிக்கற வேலை. நான் ரமணாசிரமத்துக்கு அந்தாண்ட ஒரு கஃபேல கவுன்ட்டர்ல நின்னுட்டு இருந்தேன். பி.காம் முடிச்சு ரெண்டு வருஷம். சீசன்ல வர்ற வெள்ளைக்காரங்க ரெண்டு மூணு பேர் எங்க மாடியில உக்காந்து ஒரு கார்டு விளையாட்டு விளையாடுவாங்க. அவங்க ஊருக்குப் போகும்போது பாரம்னு விட்டுட்டுப் போன கார்டுங்கதான் எங்களுக்கு ஆரம்பம். அப்புறம் லாட்ஜ்ல வேலை செய்யற சுரேஷ், காலேஜ் பசங்க நாலஞ்சு பேர், நான், எல்லாரும் சேந்தோம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மாடியில ஆட்டம். அக்கா ஒரு நாள் காபி குடிக்க வந்தவங்க, எங்க சண்டையைக் கேட்டுட்டு மேல ஏறி வந்தாங்க. "என்ன எழுதியிருக்கு, முதல்ல படி"னு சொன்னாங்க. அன்னையில இருந்து அவங்கதான் எங்களுக்கு ஜட்ஜு. ஆடவே மாட்டாங்க. ஒரு தடவை கூட கையில கார்டு பிடிச்சு நான் பாத்ததில்ல.

இது ரம்மி மாதிரி இல்ல. ஒவ்வொரு கார்டுலயும் ஒரு படம், படத்துக்குக் கீழ பொடி எழுத்துல நாலு வரி. அந்த நாலு வரிதான் ஆட்டமே. நான் ஒரு கார்டைப் போட்டா, அது வேலை செய்யறதுக்கு முன்னாடி அதுக்கு மேல இன்னொண்ணு போடலாம், அதுக்கும் மேல இன்னொண்ணு. போட்டு முடிச்சப்புறம் மேல இருந்து ஒவ்வொண்ணா நடக்கும். மண்டபத்துல அடுக்கி வச்ச தட்டு மாதிரி, கடைசியா வச்சதைத்தான் முதல்ல எடுக்கணும். ஒரு கார்டு ஒண்ணைக் கொல்லும், செத்தது இன்னொண்ணை எழுப்பும், எழுந்தது மூணாவதைத் தடுக்கும். நாலு தட்டு சேந்துட்டா எது யாரு மேல வேலை செய்யுதுன்னு எங்க யாருக்கும் தெரியாது. கத்துவோம். அப்ப அக்கா மேஜையைச் சுத்தி நடப்பாங்க. பேனா மூடியைக் கடிப்பாங்க. ரெண்டு பக்கமும் பாத்து, "யாருக்காச்சும் இன்னும் ஏதாச்சும் சொல்ல இருக்கா?"னு கேப்பாங்க. இல்லன்னு ரெண்டு பேரும் சொன்னாதான் தீர்ப்பு.

அதோட முடிஞ்சிடும்னு நெனைக்காதீங்க. மறுநாள் காலையில ஆறு மணிக்கு போன் வரும். "நேத்து மூணாவது ஆட்டம் ஞாபகம் இருக்கா? அந்தப் பாம்பு கார்டு. நான் சொன்னது சரிதானான்னு..." தூக்கக் கலக்கத்துல நான், "சரிதான்கா, வைங்க"னு சொல்லுவேன். வைக்க மாட்டாங்க. நல்லா தூங்கறவங்களைப் பாத்தா அவங்களுக்குக் கோவமே வரும்னு நினைக்கறேன். தீர்ப்பு ஒண்ணு மனசுல உறுத்துச்சுன்னா மலையைச் சுத்தக் கிளம்பிடுவாங்க. அதுவும் செருப்போட. ஒரு தடவை நானும் கூடப் போனேன். குபேர லிங்கத்துக்கிட்ட ஒரு பெரியவர் நிறுத்தி, "செருப்போட சுத்தறியேம்மா, பாவம் இல்ல?"னு கேட்டாரு. "நான் சாமிக்காக சுத்தலீங்க, யோசிச்சுகிட்டு இருக்கேன்"னு சொல்லிட்டு நடையைக் கூட்டினாங்க. நான்தான் அந்தாளுகிட்ட கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆபீஸ்லயும் இதே கதைதான். ஒரு பெரியவர் தன் காலத்துக்கு அப்புறம் வீடு பையனுக்குன்னு எழுத வந்திருக்காரு. அவங்க முதலாளி, 'நான் இறந்தால் மேற்படி வீடு என் மகனைச் சேரும்'னு சொல்லச் சொல்ல இவங்க டைப் அடிச்சிருக்காங்க. பாதியில கை நின்னுடுச்சு. "சார், இறந்தால்னா என்ன அர்த்தம்? இறக்காமயும் இருக்கலாம்னு ஆவுதே." முதலாளி தலையில அடிச்சுகிட்டாரு. பெரியவர் மட்டும் சிரிச்சுட்டு, "நல்லா கேட்ட தாயி, அதையும் ஒரு வரி போடு"னு சொன்னாராம். கடைசியில 'என் ஆயுளுக்குப் பின்'னு மாத்தினப்புறம்தான் கை நகந்துச்சு. இதை எங்ககிட்ட சொல்லும்போது அக்கா முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

இந்தக் கிறுக்கு அவங்களுக்கு எங்க கார்டுலதான் ஆரம்பிச்சுதுன்னு நினைக்கறேன். கார்டுங்க முக்காவாசி இங்கிலீஷ். சிலதுல 'இஃப்'னு இருக்கும், சிலதுல 'வென்'னு இருக்கும். இவன் செத்தா ஒண்ணை எழுப்பலாம், அவ்ளோதானேன்னு நாங்க ஆடிட்டு இருந்தோம். ரெண்டும் வேற வேறன்னு அக்காதான் விதிப் புத்தகத்தைத் தோண்டி எடுத்தாங்க. "இஃப் பொறுமைசாலி. நடுவுல வேற எது நடந்தாலும் ஓரமா நின்னு காத்திருந்து தன் வேலையைச் செய்வான். வென் ரோஷக்காரன். செத்த அடுத்த நொடியே கூப்பிடணும். நடுவுல வேற ஒண்ணு புகுந்துச்சுன்னா எழுந்து போயிடுவான், அப்புறம் கூப்பிட்டாலும் வர மாட்டான்." நம்ம பேச்சுல ரெண்டுக்கும் ஒரே 'செத்தா'தான். அதனால அக்கா ஒரு முடிவு பண்ணாங்க. இஃப்னா 'செத்தா', வென்னா 'செத்ததும்'. இப்படி எல்லா கார்டையும் தமிழ்ல எழுதி ஒரு நோட்டு போட்டோம். அவங்கதான் ஒரு எடத்துல உக்கார மாட்டாங்களே, அதனால நடந்துகிட்டே சொல்லுவாங்க, நான் எழுதுவேன். மூணு மாசம் எழுதினேன். கை வலிச்சா வையறது அவங்களை, எழுத்து மட்டும் என்னுது.

அந்த வருஷம் சென்னையில ரெண்டு நாள் பெரிய ஆட்டம் ஒண்ணு இருந்துச்சு. யார் வேணா பேர் கொடுத்து ஆடலாம். அங்க கார்டு விக்கற கடைக்காரர் ஒருத்தர், விதி தெரிஞ்ச ஆள் கடைக்கு வேணும், வந்தா நேர்ல பேசலாம்னு சொல்லியிருந்தாரு. எனக்கு வேற எதுவுமே ஓடல. கஃபே கவுன்ட்டர், சாயந்திரம் ஷேர் ஆட்டோ, அடி அண்ணாமலை வீடு, மறுபடி கவுன்ட்டர். ராத்திரி பகல்னு பாக்காம சென்னை சென்னைன்னு மனசு அடிச்சுக்கும். ஆனா எங்கப்பாவுக்கு அது சீட்டாட்டம். "சீட்டாடற எடத்துக்குப் பொண்ணை அனுப்பறதா? ஊர்ல இன்னா பேசுவான்?" ஒரு மாசம் அழுதேன், சாப்பிடாம இருந்தேன். அம்மா நடுவுல புகுந்து பேசினதுல ஒரு நாள், "இங்க மொத ஆளா வா. வந்தா போ. வரலன்னா இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது"னு முடிச்சிட்டாரு. எங்க மாடியில நடக்கற வருஷக் கடைசி ஆட்டத்தைத்தான் சொன்னாரு.

கடைசி வரைக்கும் வந்துட்டேன். எதிர்ல சுரேஷ். அன்னிக்குப் பௌர்ணமி. கீழ ரோட்ல தலையா தெரியுது, மைக்ல காணாமப் போன பிள்ளைங்க பேரைச் சொல்லிகிட்டே இருக்காங்க. அத்தனை லட்சம் ஜனம் வந்தா போன்ல ஒரு கோடு கூட சிக்னல் நிக்காது, இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும்.

என்கிட்ட ஒரு காவக்காரன் கார்டு இருந்துச்சு. ஒரு ஜெர்மன்காரம்மா கொடுத்தது, எழுத்து பூரா ஜெர்மன், அக்கா நெட்ல பாத்துச் சொல்லி நோட்டுல ஏறினதுதான் எங்களுக்கு அர்த்தம். அவன் செத்தா, முன்னாடி செத்த கார்டுங்கள்ல ஒண்ணை எழுப்பிக் கொண்டு வருவான். அவன் சாகணும்னுதான் நான் காத்துகிட்டு இருந்தேன். எழுப்பிட்டேன்னா அடுத்த சுத்துல ஆட்டம் என்னுது. சுரேஷ் கெட்டிக்காரன். கட்டுல இருந்து ரெண்டு கார்டு எடுக்கற கார்டு ஒண்ணை முதல்ல போட்டான். அதுக்கு மேலயே காவக்காரனைக் கொல்ற கார்டையும் அவனே போட்டான். மேல இருக்கறது முதல்ல. காவக்காரன் செத்தான். அப்புறம் கீழ இருக்கறது. சுரேஷ் ரெண்டு கார்டு எடுத்துகிட்டான். நான் எழுப்பப் போறேன்னு கையை நீட்டினேன். "நில்லு, நடுவுல நான் கார்டு எடுத்துட்டேன். உன் நேரம் போயிடுச்சு"ன்னான்.

அக்கா மேஜையைச் சுத்த ஆரம்பிச்சாங்க. போனை எடுத்து ஜன்னல் வழியா நீட்டிப் பாத்தாங்க, சிக்னல் இல்ல. நோட்டை எடுத்தாங்க. காவக்காரன் பக்கத்தைத் திருப்பி ரெண்டு தடவை படிச்சாங்க. "ரெண்டு பேருக்கும் இன்னும் ஏதாச்சும் சொல்ல இருக்கா?" எனக்கு என்னவோ இடிச்சுது. "அக்கா, அவன் காத்திருக்கற ஜாதின்னு நெனைப்பு"னு மட்டும் சொன்னேன். நெனைப்பு வேற, எழுதியிருக்கறது வேறன்னு அவங்களே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. "நோட்டுல 'செத்ததும்'னு இருக்கு. நடுவுல ஒண்ணு நடந்துடுச்சு. எழுப்ப முடியாது." ரெண்டு சுத்துல தோத்தேன். தோத்ததுக்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துட்டு, அந்தக் கும்பல்ல மூக்கைச் சிந்திகிட்டே நடந்து வீட்டுக்கு வந்தேன். அப்பா என் முகத்தைப் பாத்தே புரிஞ்சுகிட்டாரு. அதுதான் இன்னும் ஜாஸ்தியா வலிச்சுது.

செவ்வாக்கிழமை சாயந்திரம் நாலு மணி இருக்கும். அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தாரு. வாசல்ல அக்கா. முழங்கால் வரைக்கும் புழுதி. அம்மா நாற்காலி போட்டாங்க, உக்காரல. சொம்புத் தண்ணியை வாங்கிக் கையிலயே வச்சிகிட்டு நேரா என்னைப் பாத்து ஆரம்பிச்சாங்க.

"ஞாயித்துக்கிழமை நான் சொன்னது தப்பு. நேத்து ஆபீஸ்ல நெட்ல பாத்தேன். உன் காவக்காரன் இஃப். காத்திருப்பான். நோட்டுல தப்பா ஏறியிருக்கு, நான் சரி பாக்காம தீர்ப்பு சொல்லிட்டேன். அது நீ ஜெயிக்க வேண்டிய ஆட்டம்."

நோட்டுல எப்படி ஏறுச்சுன்னு எனக்குத் தெரியும். நான் எழுதினது. அவங்க 'செத்தா'ன்னுதான் சொல்லியிருப்பாங்க, அவங்க அப்படி மாத்திச் சொல்ற ஆளே இல்ல. ஆரம்ப நாள்ல எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், கைக்கு வந்ததை எழுதித் தள்ளினேன். அந்தப் பக்கத்தைப் பாத்தா என் எழுத்துன்னு அவங்களுக்குத் தெரியாதா? தெரியும். அதைப் பத்தி ஒரு சொல் வரல.

"சரி, மாத்திடுவீங்களா?"னு கேட்டேன்.

"முடியாது. கையெழுத்து ஆயிடுச்சு. கையெழுத்து ஆனா ஆட்டம் முடிஞ்சுது, அது விதி."

"அப்ப எதுக்குக்கா வந்தீங்க?"

"உனக்குத் தெரியணும் இல்ல?"

எனக்கு எங்க இருந்துதான் அவ்ளோ ஆத்திரம் வந்துச்சோ. "தெரிஞ்சு நான் என்ன பண்றது? உங்களுக்குத் தூக்கம் வரணும்னு என் தூக்கத்தைக் கெடுக்க வந்தீங்களா? உங்களாலதான் என் சென்னை போச்சு. பெரிய ஜட்ஜு. இனிமே யாருக்கும் தீர்ப்பு சொல்லாதீங்க." அம்மா என் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. நிறுத்தல. தப்பு என் எழுத்துலன்னு தெரிஞ்சுகிட்டேதான் கத்தினேன். தெரிஞ்சதாலதான் அவ்ளோ சத்தமோ என்னவோ.

அக்கா எல்லாத்தையும் கேட்டுகிட்டாங்க. "சரி"னு சொன்னாங்க. சொம்பை அம்மாகிட்ட கொடுத்துட்டு அப்பா பக்கம் திரும்பினாங்க. "தப்பு என்னுதுங்க. இவ நல்லாத்தான் ஆடினா." அவ்ளோதான். வந்த பக்கம் திரும்பாம, மலையைச் சுத்தி முன்னாடியே நடந்து போயிட்டாங்க.

அப்பா மாட்டைக் கட்டிட்டு வந்து கையைக் கழுவினாரு. "அந்தப் பொண்ணு ஆட்டோல வந்துச்சா?"

"நடந்துதான். எங்க போனாலும் நடைதான்."

"இத்தச் சொல்றதுக்கா?"

"ஆமா."

"யாருனா கேட்டாங்களா? சண்டைக்குப் போனீங்களா?"

"இல்லப்பா. அவங்களா வந்தாங்க."

துண்டால கையைத் துடைச்சாரு, துடைச்ச கையையே மறுபடி துடைச்சாரு. "சீட்டாடறவனுங்களை நான் பாத்துக்கீறேன். எவனும் தோத்தவன் வூட்டுக்கு நடந்து வந்து நான்தான் தப்புன்னு சொன்னதில்ல. இந்த மாதிரி ஆளுங்க இருக்கற எடம்னா அது வேற ஆட்டம்." அப்புறம் அம்மாவைப் பாத்துகிட்டே என்கிட்ட கேட்டாரு, "சனிக்கிழமை எத்தினி மணிக்கு பஸ்ஸு?"

போனேன். மூணாவது சுத்துலயே தோத்தேன், அது பெரிசில்ல. கடைக்காரர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். நாலு தட்டு அடுக்கு ஒண்ணை அவரே குழம்பிப் போயி வச்சிருந்தாரு, மேஜையைச் சுத்தி ஒரு தடவை நடந்துட்டு அவிழ்த்துக் காட்டினேன். அடுத்த மாசமே வேலை. இப்ப அஞ்சு வருஷம் ஆவுது, சென்னையில ஹாஸ்டல், சொந்தக் கால்ல நிக்கறேன்.

அக்கா அந்த வாரம் ஞாயித்துக்கிழமை மாடிக்கு வரல. அடுத்ததுக்கும் வரல. இனிமே தீர்ப்பு சொல்றதில்லன்னு சுரேஷ்கிட்ட சொல்லி அனுப்பினாங்களாம். கொஞ்ச நாள்லயே அவங்க முதலாளி செய்யாறுல ஒரு ஆபீஸ் திறந்து இவங்களை அங்க போட்டுட்டாரு. ஜட்ஜு இல்லாம மாடி ஆட்டமும் சண்டையில முடிஞ்சு போச்சுன்னு கேள்விப்பட்டேன். நம்பர் என்கிட்ட இருந்துச்சு. காலையில ஆறு மணிக்கு முழிப்பு வந்துடும், போனைப் பாப்பேன். நான் கூப்பிடல. இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளித் தள்ளி அஞ்சு வருஷம் ஓட்டிட்டேன். வெக்கமா இருக்கு, வேற என்ன சொல்ல.

போன மாசம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், வந்துட்டுத் திரும்பறேன். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுல, எல்லாரும் உக்காந்திருக்கற எடத்துல ஒருத்தர் மட்டும் நடந்துகிட்டே இருந்தாங்க. முடி பாதி நரைச்சிருந்துச்சு. அவங்களே என்னைப் பாத்துட்டாங்க.

"நல்லா இருக்கியா? அப்பா எப்படி இருக்காரு?"

சொன்னேன்.

"வேலைக்குப் போறியா?"

"ஒரு கடையில இருக்கேன்கா."

எந்த ஊருன்னு கேக்கல. கைப்பையோட பிடியை முறுக்கிகிட்டே நின்னாங்க, அவங்க இப்படி ஒரே எடத்துல நின்னு நான் அதிகம் பாத்ததில்ல. "நான் மட்டும் அன்னிக்கு ஒழுங்கா பாத்திருந்தா நீ சென்னைக்குப் போயிருப்ப. இன்னமும் அந்த ஆட்டம் நெனைப்புக்கு வரும். எழுந்து உக்காந்துடுவேன்."

வாய் வரைக்கும் வந்துச்சு. நான் போனேன்கா, நீங்க அன்னிக்கு நடந்து வந்ததாலதான் போனேன். அவ்ளோ சொன்னா போதும். ஆனா அதைச் சொன்னா, அந்தப் பக்கத்தை எழுதினது யாருன்னும் சொல்லணும். அவ்ளோ கத்தினேனே, அதுக்கும் பதில் சொல்லணும். எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு யோசிச்சுகிட்டு நின்னேன். செய்யாறு பஸ் வந்து நின்னுடுச்சு.

"வரேன்மா"னு ஏறிட்டாங்க. ஜன்னல் பக்கம் எடம் கிடைச்சுது, கை காட்டினாங்க. நானும் காட்டினேன். பஸ் ரிவர்ஸ் எடுத்துத் திரும்பி கேட்டைத் தாண்டிப் போற வரைக்கும் நின்னுட்டு, பக்கத்து பிளாட்பாரத்துல இருந்த சென்னை பஸ்ல ஏறி உக்காந்தேன்.